யார் பேர்ல விசா, யார் பேர்ல பணம்? – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இதே பக்கத்துல, ரிடயர் ஆனப்புறம் வெளிநாட்டுல போய் இருக்கறதைப் பத்தி ரெண்டே ரெண்டு பத்தி எழுதினேன். அதுக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப்பும் இன்னும் நின்னபாடில்லை. எல்லாத்துக்கும் பதில் போட இடம் கிடையாது, அஞ்சு கேள்வி எடுத்திருக்கேன். கேட்டவங்க பேர் போடல, ஊர் மட்டும் போதும்.

கேள்வி: எனக்கு 63 வயசு, பேங்க்ல இருந்து ரிடயர் ஆனவன். மனைவிக்கு 57. தாய்லாந்துல சியாங் மாய் போய் இருக்கலாம்னு ஆசை. ஆளுக்கு 8 லட்சம் பாட் பேங்க்ல காட்டணும்னு ஒருத்தர் சொல்றார், ஒருத்தர் காட்டினா ரெண்டு பேருக்கும் போதும்னு இன்னொருத்தர் சொல்றார். எது சரி? எங்க கல்யாணம் 1988-ல, ரிஜிஸ்டர் பண்ணல. அது தடையா இருக்குமா? – திருச்சி வாசகர்

ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் சார், ஆனா ரெண்டு பேரும் வேற வேற வழியைப் பத்தி சொல்றாங்க, அதான் குழப்பம்.

தாய்லாந்து ரிடயர்மென்ட் விசாவுக்கு வயசு 50 ஆகியிருக்கணும். முதல் வழி, இங்க இருந்தே ஓ-ஏன்னு ஒரு விசாவுக்கு அப்ளை பண்றது. அதுக்கு பணக் கணக்கு மட்டும் போதாது, போலீஸ் கிளியரன்ஸ், மெடிக்கல் சர்டிபிகேட், 30 லட்சம் பாட் அளவுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் எல்லாம் கேப்பாங்க, அந்த இன்ஷூரன்ஸ் ஆளுக்கு தனித்தனி. 63 வயசுல, சுகர் பிரஷர் எல்லாம் எழுதிக் குடுத்து அந்த பாலிசி வாங்க என்ன பிரீமியம் ஆகும்னு கேட்டுப் பாருங்க, அங்கயே பாதி பேர் நின்னுடறாங்க. ரெண்டாவது வழி, 90 நாள் கிடைக்கற நான்-இமிக்ரண்ட் ஓ விசா வாங்கிட்டுப் போய், அங்க இமிக்ரேஷன் ஆபீஸ்ல வருஷா வருஷம் எக்ஸ்டென்ஷன் வாங்கறது. இதுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம் கிடையாது, ஆனா பணம் தாய்லாந்து பேங்க்லயே இருக்கணும்.

அந்தப் பணத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. 8 லட்சம் பாட், அப்ளை பண்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அக்கவுண்ட்ல உக்காந்திருக்கணும், எக்ஸ்டென்ஷன் கிடைச்ச பிறகு மூணு மாசம் அசையக் கூடாது, அதுக்கப்புறமும் 4 லட்சத்துக்கு கீழ போகக் கூடாது. 2019-லேர்ந்து இந்த சட்டம். அதனால 8 லட்சத்தைப் போட்டுட்டு அதையே எடுத்து செலவு பண்ணலாம்னு நினைச்சா நடக்காது, வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தனியா பணம் வேணும். பணத்தைப் போடறதுக்கு பதிலா மாசம் 65,000 பாட் வருமானம் காட்டலாம்னும் ஒரு வழி இருக்கு, ஆனா அது நம்ம ரூபாயில ஒன்றே முக்கால் லட்சம் பக்கம் வரும், பேங்க் பென்ஷன்ல அது எட்டாது.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். இந்த எக்ஸ்டென்ஷன் வழியில நீங்க மெயின் ஆளா 8 லட்சம் காட்டினா, உங்க மனைவி உங்களோட டிபென்டென்டா சேர்ந்துக்கலாம், அவங்களுக்கு தனியா 8 லட்சம் வேண்டாம். கட்டணம் மட்டும் ஆளுக்கு 1,900 பாட். இல்ல, அவங்களுக்கும் 57 ஆச்சே, தனியாவே அப்ளை பண்ணட்டும்னு நினைச்சா அவங்க பேர்ல இன்னொரு 8 லட்சம் வேணும். டிபென்டென்டா போறது பணத்துக்கு சுலபம், ஆனா அதுல ஒரு பெரிய விஷயம் ஒளிஞ்சிருக்கு, கடைசி கேள்வியில ஒரு அம்மா அதைத்தான் கேட்டிருக்காங்க, அதை அவசியம் படிங்க.

டிபென்டென்டுன்னு போனா கேக்கற முதல் பேப்பர் கல்யாண சர்டிபிகேட். இதுல என் அக்கா அத்தான் பட்ட பாட்டை சொல்றேன். அவங்களுக்கு 1986-ல கும்பகோணத்துல கல்யாணம். பாஸ்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல புருஷன் பேர் பொண்டாட்டி பேர் போட்டிருக்கே, அது போதும்னு ஒரு ஏஜென்ட் சொல்ல, அதை நம்பி கிளம்பிப் போயிட்டாங்க. சியாங் மாய் இமிக்ரேஷன்ல அந்த ஆபீசர் அம்மா ரொம்ப மரியாதையா பாஸ்போர்ட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அத்தான் பேரு மேல விரலை வெச்சு, சிரிச்சுக்கிட்டே தலையை ஆட்டிட்டாங்களாம், கல்யாண சர்டிபிகேட் எங்கேன்னு. கிடையாது. திரும்ப பிளைட் பிடிச்சு ஊருக்கு வந்து, பீரோவுல அக்காவோட கூறைப்புடவைக்கு அடியில துணியில சுத்தி வெச்சிருந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்தோம். நாலு மூலையிலயும் தடவின மஞ்சள் அப்படியே இருந்துச்சு, மடிப்புல மட்டும் கிழிஞ்சிருந்துச்சு. சார்பதிவாளர் ஆபீஸ்ல அந்தப் பத்திரிகையை லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பார்த்தவர் முதல் கேள்வியா கேட்டது, "இதுல பொண்ணு பேரு வேற மாதிரி இருக்கே?"

ஆமா, வேறதான். பத்திரிகையில போட்டிருந்தது வீட்டுல கூப்பிடற பேரு, பாஸ்போர்ட்ல இருக்கறது பள்ளிக்கூடப் பேரு. ரெண்டும் ஒரே ஆள்தான்னு அபிடவிட் வாங்கி, கல்யாணத்துக்கு வந்திருந்த அத்தானோட சிநேகிதர் ரெண்டு பேரை சாட்சிக்கு கூட்டிட்டுப் போய், எல்லாம் முடிய நாலு வாரம் ஓடிப் போச்சு.

அதனால சார், நீங்க டிக்கெட் பாக்கறதுக்கு முன்னாடி இதை முடிங்க. தமிழ்நாட்டுல கல்யாணப் பதிவு கட்டாயம்னு சட்டம் வந்தது 2009-ல, அதுக்கு முந்தின கல்யாணம்னா பதிவு இல்லாம இருக்கறது தப்பு ஒண்ணும் இல்ல, இந்து திருமணச் சட்டத்துல இப்ப போய் பதிவு பண்ணிக்கலாம். பத்திரிகை, கோயில்லயோ மண்டபத்துலயோ நடந்ததுக்கு ரசீது இருந்தா அது, கல்யாண போட்டோ, ரெண்டு பேர் வயசுக்கும் முகவரிக்கும் ஆதாரம், சாட்சிகள், இதெல்லாம் எடுத்துக்கிட்டு உங்க சார்பதிவாளர் ஆபீஸ்ல கேளுங்க. சர்டிபிகேட் கையில வந்ததும் வேலை முடிஞ்சதா நினைச்சுக்காதீங்க. மாநில அரசு அட்டெஸ்டேஷன், அப்புறம் வெளியுறவு அமைச்சகம், அப்புறம் சென்னையில இருக்கற தாய்லாந்து துணைத் தூதரகம், அங்க போன பிறகு தாய் மொழியில மொழிபெயர்த்து அவங்க வெளியுறவு அமைச்சகத்துல ஒரு முத்திரை. நோட்டரி முத்திரை மட்டும் குத்தி அனுப்பறேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க.

பணம் அனுப்பறதுல ஒண்ணு. வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் பேங்க் வருஷத்துக்கு ஆளுக்கு 2,50,000 டாலர் வரை விடுது, அது பிரச்சினை இல்ல. ஆனா ஒரு நிதியாண்டுல 10 லட்சம் ரூபாய்க்கு மேல போற தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது பேங்க்லயே முன்கூட்டி பிடிக்கற வரி, பிடிப்பாங்க. 8 லட்சம் பாட்ங்கறது ரேட்டைப் பொறுத்து 21, 22 லட்சம் ரூபாய்க்கு மேலயே வரும், நீங்க ஒரே மூச்சுல அனுப்பினா ரெண்டு லட்சத்துக்கு மேல அங்க மாட்டிக்கும். ரிட்டர்ன்ல திரும்ப வரும்தான், ஆனா அதுவரைக்கும் அது உங்க கையில இல்ல. மார்ச்ல பாதி, ஏப்ரல்ல பாதின்னு அனுப்பினா ரெண்டு நிதியாண்டா ஆயிடும். உங்க மனைவி பேர்ல அவங்க சொந்த சேமிப்பு இருந்தா அவங்களுக்கும் தனியா 10 லட்சம் உண்டு, ஆனா அவங்க அனுப்பற பணம் அவங்க பேர்ல இருக்கற அக்கவுண்டுக்கு போகட்டும்.

நீங்க பேங்க்ல இருந்தவர், இருந்தாலும் சொல்லிடறேன், அங்கயே குடியிருக்கப் போறோம்னு ஆன பிறகு இங்க சேவிங்ஸ் அக்கவுண்டை என்ஆர்ஓ-வா, அதாவது வெளிநாட்டுல குடியிருக்கறவங்களுக்கான அக்கவுண்டா மாத்தணும், பென்ஷன் அதுல வந்து விழும். அங்க ஒரு வருஷத்துல 180 நாளோ அதுக்கு மேலயோ இருந்தா, 2024 ஜனவரியிலேர்ந்து சம்பாதிச்ச வருமானத்தை அங்க கொண்டு வந்தா அவங்க வரிக் கணக்குல வரும். இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கு, ஆனாலும் ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை உக்காந்து பேசிட்டுப் போங்க.

கடைசியா, சியாங் மாய் ரொம்ப அழகான ஊர், குளிரும் இதமா இருக்கும், ஆனா பிப்ரவரி கடைசியிலேர்ந்து ஏப்ரல் வரை காடும் வயலும் எரியற புகையில எதிர்ல இருக்கற மலை தெரியாது. உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது வீசிங் இருந்தா ஒரு மார்ச் மாசம் போய் மூணு வாரம் இருந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க. டிசம்பர்ல போய்ப் பார்த்துட்டு வாடகை அக்ரிமென்ட் போடாதீங்க.

கேள்வி: ஒரே மகன் அமெரிக்கால, மகள் லண்டன்ல. நானும் என் கணவரும் அங்க ரிடயர்மென்ட் விசா எடுத்து ஆறு மாசம் அங்க ஆறு மாசம் இங்கன்னு இருக்கலாமா? – சேலம் வாசகி

அந்த ரெண்டு நாட்டுலயும் ரிடயர்மென்ட் விசான்னு ஒண்ணு இல்லம்மா. பிரிட்டன்ல முன்னாடி இருந்துச்சு, 2008-ல புதுசா குடுக்கறதை நிறுத்திட்டாங்க. ஆஸ்திரேலியாவும் 2018-ல மூடிட்டாங்க. அமெரிக்கால நீங்க போறது டூரிஸ்ட் விசால, ஒரு தடவை போனா பெரும்பாலும் ஆறு மாசம் குடுப்பாங்க. அதையே வருஷா வருஷம் பண்ணினா இங்கயே குடியிருக்கறீங்களான்னு ஏர்போர்ட்ல கேள்வி வரும். மகன் அமெரிக்க குடிமகன் ஆயிட்டா உங்களுக்கு கிரீன் கார்டு கேக்கலாம், அது உங்க ரெண்டு பேருக்கும் தனித்தனி மனு. கனடால பிள்ளை இருக்கறவங்களுக்கு மட்டும் சூப்பர் விசான்னு நல்ல ஏற்பாடு ஒண்ணு இருக்கு, ஒரு தடவை போனா அஞ்சு வருஷம் வரை இருக்கலாம், ஆனா அதுக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் கனடா டாலர் அளவுக்கு இன்ஷூரன்ஸ் வேணும்.

கேள்வி: மலேசியால பினாங்குல செட்டில் ஆகணும்னு என் மனைவிக்கு ரொம்ப ஆசை, தமிழ் பேசற ஊர், கோயில் இருக்கு, சாப்பாடு பிரச்சினை இல்லங்கறா. மலேசியா மை செகண்ட் ஹோம் திட்டத்துல ஒரே டெபாசிட் ரெண்டு பேருக்கும் போதுமா? – மதுரை வாசகர்

ஒரு டெபாசிட் போதும், மனைவி உங்க கூட சேர்ந்துடுவாங்க. ஆனா டெபாசிட் எவ்வளவுன்னு பழைய கணக்கை வெச்சுக்கிட்டு நிறைய பேர் ஆசைப்படறாங்க, அதான் எனக்கு கவலை. 2024-லேர்ந்து சில்வர், கோல்ட், பிளாட்டினம்னு மூணு படி. கீழ்ப் படியான சில்வருக்கே 1,50,000 டாலர் பிக்சட் டெபாசிட், அதோட 6 லட்சம் ரிங்கிட்டுக்கு குறையாம ஒரு வீடு வாங்கியே ஆகணும், அங்க தங்க கிடைக்கற பாஸ் அஞ்சு வருஷத்துக்கு. கோல்டுக்கு 5 லட்சம் டாலர், பிளாட்டினத்துக்கு 10 லட்சம் டாலர். வீட்டை பத்து வருஷத்துக்கு விக்கவும் முடியாது. லைசென்ஸ் வாங்கின ஏஜென்ட் மூலமாத்தான் அப்ளை பண்ண முடியும், நேரா போக வழி இல்ல.

டெபாசிட்டும் வீடும் சேர்ந்தா ரெண்டரை லட்சம் டாலரைத் தாண்டும், அதாவது ஒருத்தரோட ஒரு வருஷ ரிசர்வ் பேங்க் வரம்பைத் தாண்டும். அதனால அங்கயே உங்க மனைவி பேரும் வரம்பும் உள்ள வந்துடும். வீட்டை ரெண்டு பேர் பேர்லயும் வாங்குங்கன்னு நான் சொல்றதுக்கு இது ஒரு காரணம்.

மதுரையில இருக்கற வீட்டை வித்துட்டு இதுக்குப் போகாதீங்க சார், கெஞ்சிக் கேக்கறேன். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர்லேர்ந்து 30 நாள் விசா இல்லாமலே மலேசியா போக அனுமதி இருக்கு. ஒரு மாசம் ஜார்ஜ் டவுன்ல வாடகைக்கு இருந்து, காலையில தண்ணீர்மலை கோயில் படி ஏறி, சந்தையில காய் வாங்கி சமைச்சுப் பாருங்க. ஆசை அதுலயே தீரலாம், இல்ல இன்னும் கூடலாம், ரெண்டுமே தெரிஞ்சுக்க வேண்டியதுதான்.

கேள்வி: நான் பருத்தித்துறையில பிறந்தனான், 1991-ல கனடா வந்து இப்ப கனேடியப் பிரஜை. மனிசி தஞ்சாவூர் ஆள், அவவும் கனேடியப் பிரஜைதான். எனக்கு 66, அவவுக்கு 61. ஊரில போய் கடைசி காலத்தைக் கழிக்க விருப்பம். ரெண்டு பேரும் ரிடயர்மென்ட் விசாதான் எடுக்க வேணுமோ? – டொராண்டோ வாசகர்

உங்களுக்கு வேண்டியதில்லை ஐயா. இலங்கையில பிறந்து வேற நாட்டுக் குடியுரிமை வாங்கினவங்க இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், 55 வயசு தாண்டினவங்கன்னே அதுல ஒரு பிரிவு இருக்கு. அது கிடைச்சிட்டா நீங்க உங்க ஊருக்கு விசால போற ஆள் இல்ல. உங்க மனைவிக்குத்தான் யோசிக்கணும். நீங்க இலங்கைக் குடிமகன் ஆன பிறகு, வாழ்க்கைத் துணைங்கற முறையில அவங்க குடியிருப்பு விசா கேக்கலாம், அது உங்களைப் பிடிச்சு நிக்கற விசா. இன்னொரு வழி, 55 தாண்டினதால அவங்க சொந்தமாவே மை டிரீம் ஹோம் விசா எடுக்கறது. அதுக்கு 15,000 அமெரிக்க டாலர் டெபாசிட், மாசா மாசம் 1,500 அமெரிக்க டாலர் வெளிநாட்டுலேர்ந்து வரணும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். கூட ஒரு டிபென்டென்ட் இருந்தா மாசம் 750 டாலர் கூடும்.

விசாவைவிட உங்க பென்ஷன் கணக்கை முதல்ல பாருங்க. கனடால 18 வயசுக்கு அப்புறம் 20 வருஷம் குடியிருந்திருந்தா முதியோர் பாதுகாப்பு பென்ஷன் எந்த நாட்டுக்கும் வரும், உங்களுக்கு அது தாராளமா இருக்கு. உங்க மனைவி எந்த வருஷம் கனடா வந்தாங்கன்னு நீங்க எழுதல, அவங்களுக்கு 20 வருஷம் நிறையலேன்னா வெளிய போன ஆறு மாசத்துல அது நின்னுடும். அதுவும் இல்லாம அவங்களுக்கு 65 ஆகவே இன்னும் நாலு வருஷம் இருக்கு. குறைஞ்ச வருமானத்துக்காக குடுக்கற ஜிஐஎஸ் தொகை யாருக்கா இருந்தாலும் ஆறு மாசத்தோட நிக்கும். வேலை செஞ்சு கட்டின சிபிபி, அதாவது கனடா பென்ஷன் திட்டப் பணம் மட்டும் எங்க இருந்தாலும் வரும். ஒன்டாரியோ மருத்துவக் காப்பீடு வேணும்னா 12 மாசத்துல 153 நாளாவது அங்க இருக்கணும், அதனால முதல் ரெண்டு வருஷம் மழைக்காலத்துக்கு ஊர், வெயில் காலத்துக்கு டொராண்டோன்னு இருந்து பாத்தா ரெண்டு கதவும் திறந்திருக்கும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் தாய்லாந்து போறதுக்கு எல்லா ஏற்பாடும் பண்ணிட்டார். பேங்க் அக்கவுண்ட் அவர் பேர்ல, வீட்டு வாடகை அக்ரிமென்ட் அவர் பேர்ல, விசா அவருக்கு, நான் டிபென்டென்ட். எனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அவர் சமாளிச்சுடுவார். அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் அந்த ஊர்ல என்ன பண்ணுவேன்? கேட்டா, கிளம்பற நேரத்துல அபசகுனமா பேசாதேங்கறார். எனக்கு 59 வயசு. – கோயம்புத்தூர் வாசகி

அபசகுனம் இல்லம்மா. அஞ்சு கடிதத்துலயும் கேக்க வேண்டிய கேள்வியை நீங்க ஒருத்தர்தான் கேட்டிருக்கீங்க. இந்தப் பதிலை அப்படியே மடிச்சு அவர் காபி டம்ளர் பக்கத்துல வைங்க.

நீங்க டிபென்டென்டா இருக்கற வரைக்கும் உங்க விசாவுக்கு ஆணிவேர் அவர். அவர் இல்லேன்னா அந்த விசாவுக்கு ஆதாரம் போயிடும், நீங்க இமிக்ரேஷன்ல போய் சொல்லி, உங்க பேர்ல புதுசா ஒண்ணு வாங்கணும். உங்களுக்கு 50 தாண்டிடுச்சு, அதனால உங்களுக்கே சொந்தமா வாங்க தகுதி இருக்கு. ஆனா அதுக்கு 8 லட்சம் பாட் உங்க பேர்ல வேணும், அந்த 8 லட்சம் எங்க இருக்கும்? அவர் அக்கவுண்ட்ல இருக்கும். அவர் போனா அந்த அக்கவுண்டை பேங்க் நிறுத்தி வெச்சுடும். தாய்லாந்துல கோர்ட் ஒரு ஆளை சொத்து நிர்வாகியா நியமிச்ச பிறகுதான் பணம் வெளிய வரும், அதுக்கு மாசக் கணக்கு ஆகும், கேக்கற பேப்பர்ல நம்ம கல்யாண சர்டிபிகேட்டும் ஒண்ணு.

என் அக்கா இருந்த அபார்ட்மென்ட்லயே இது நடந்துச்சு. கீழ் மாடியில ஒரு வடநாட்டு அம்மா, போய் ஏழாவது மாசம் அவங்க வீட்டுக்காரர் தூக்கத்துலயே போயிட்டார். தாய் மொழி ஒரு வார்த்தை தெரியாது. பேங்க் ஆப் அவர் போன்ல, அதைத் திறக்க அவர் முகம் வேணும். இந்திய பேங்க் ஓடிபி வர்ற சிம்மும் அவர் போன்லதான், அந்த போனோட லாக் நம்பர் அவங்களுக்கு தெரியாது. ஆஸ்பத்திரியில குடுத்த பேப்பரை எடுத்துக்கிட்டு மாவட்ட ஆபீஸ்ல இறப்பு சர்டிபிகேட் வாங்கணும், அது தாய் மொழியில இருக்கும், மொழிபெயர்க்கணும், நம்ம தூதரகத்துக்கு சொல்லணும், சியாங் மாய்லயே இந்திய கான்சுலேட் இருந்ததால அது கொஞ்சம் நடந்துச்சு. அங்கயே ஒரு புத்த கோயில்ல தகனம். அக்கா அன்னிக்கு ராத்திரி எனக்கு போன் பண்ணி அழுதது அந்த அம்மாவுக்காக மட்டும் இல்ல. அத்தானோட போன் லாக் நம்பர் அக்காவுக்கும் தெரியாது.

மறுநாளே ரெண்டு பேரும் உக்காந்து மாத்தினாங்க. அவங்க பண்ணினதைத்தான் உங்களுக்கும் சொல்றேன். வசதி இருந்தா ரெண்டு பேரும் தனித்தனியா மெயின் ஆளா விசா எடுங்க, ஆளுக்கு ஒரு அக்கவுண்ட், ஆளுக்கு 8 லட்சம். கூட்டு அக்கவுண்ட்ல ஒரே தொகையைப் போட்டு ரெண்டு பேருக்கும் காட்ட நினைக்காதீங்க. கூட்டுல இருக்கறதுல பாதிதான் ஒருத்தருதுன்னு எடுத்துக்குவாங்க, தனித்தனி விசான்னா அதுல 16 லட்சம் இருக்கணும். அவ்வளவு பணம் இல்லேன்னா பரவாயில்ல, டிபென்டென்டாவே போங்க, ஆனா போன முதல் மாசமே உங்க பேர்ல ஒரு சின்ன சேவிங்ஸ் அக்கவுண்ட் திறந்து, ஆறு மாச செலவும் ஊருக்குத் திரும்பற டிக்கெட்டும் அதுல இருக்கட்டும். அந்த அக்கவுண்டை நீங்களே நடத்துங்க. கரண்ட் பில், தண்ணி பில் நீங்க கட்டுங்க, உங்க போன்ல உங்க முகத்துல ஆப் திறக்கட்டும். வாடகை அக்ரிமென்ட்ல உங்க பேரையும் சேர்க்கச் சொல்லுங்க.

உயில் ரெண்டு வேணும், இங்க இருக்கற சொத்துக்கு இங்க ஒண்ணு, அங்க இருக்கற பணத்துக்கு அங்க ஒரு வக்கீல் வெச்சு தாய் மொழியில ஒண்ணு, அதுல நிர்வாகியா உங்க பேரையே போடச் சொல்லுங்க. கோர்ட் வேலை அப்பவும் உண்டு, ஆனா யாரு நிர்வாகிங்கற கேள்வி முன்னாடியே முடிஞ்சிருக்கும். இங்க பேங்க்ல நாமினின்னு ஒரு கட்டத்துல உங்க பேர் இருக்கு, அது மாதிரிதானே அங்கயும்னு நம்பி இருந்துடாதீங்க.

அவருக்கு பென்ஷன் வருதுன்னா பிபிஓ புத்தகத்தை (பென்ஷன் வழங்கற உத்தரவு) எடுத்து உங்க பேர் எப்படி எழுதியிருக்குன்னு இன்னிக்கே பாருங்க. பாஸ்போர்ட்ல ஒரு ஸ்பெல்லிங், ஆதார்ல ஒரு இனிஷியல், பிபிஓ-ல வேற பேருன்னு இருந்தா பேமிலி பென்ஷன் கேக்கற அன்னிக்கு அதை பாங்காக்ல உக்காந்து சரி பண்ண முடியாது. கோயம்புத்தூர்ல இருக்கறப்பவே கெஜட்லயோ அபிடவிட்லயோ அதை ஒண்ணாக்கிட்டு கிளம்புங்க. அவரோட லைப் சர்டிபிகேட் அங்க இருந்தே ஜீவன் பிரமாண் ஆப்ல முகத்தைக் காட்டி போடலாம், அதைப் போடறதை நீங்களும் பக்கத்துல இருந்து ஒரு தடவை பழகிக்கோங்க.

பயந்து போகாம இருந்துடாதீங்க. என் அக்கா இப்பவும் அங்கதான் இருக்கா, ஞாயித்துக்கிழமை சந்தையில தாய் மொழியில பேரம் பேசறா, பாங்காக் போறப்ப எல்லாம் சீலோம்ல நம்ம ஆட்கள் கட்டின மாரியம்மன் கோயிலுக்கு போய்ட்டு வரா. அவ பர்ஸ்ல ஒரு சின்ன அட்டை இருக்கு, அதுல கான்சுலேட் நம்பர், வக்கீல் நம்பர், வீட்டு ஓனர் நம்பர், அத்தான் போனோட லாக் நம்பர், நாலும் அவ கையெழுத்துல தமிழ்ல எழுதியிருக்கு. அத்தான் பர்ஸ்லயும் அதே மாதிரி ஒண்ணு, அதுல அக்கா போனோட நம்பர். உங்க வீட்டுக்காரர் இதைப் படிச்சு முடிச்சதும் ரெண்டு அட்டையும் ஒரு பேனாவும் எடுத்துக் குடுங்க.